128-ஐ 0 ஆக்கியதும் பிரிண்டர் ஏன் கிடைத்தது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறீர்கள். புதிதாக ஒரு கணினி வந்தது. அதன் முகவரி 192.168.1.100. அதில் இணையம் வருகிறது. பக்கத்து மேசையில் 192.168.1.50 என்ற முகவரியில் இருக்கும் கணினிக்குப் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறது. ஆனால் 192.168.1.200-இல் இருக்கும் பிரிண்டர் மட்டும் அதற்குக் கிடைக்கவே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் அதே பிரிண்டரில் அச்செடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேபிளை மாற்றிப் பார்த்தீர்கள், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தீர்கள், பயனில்லை. கடைசியில் யாரோ சொன்னதைக் கேட்டு, சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் 255.255.255.128 என்று இருந்ததை 255.255.255.0 என்று மாற்றினீர்கள். உடனே காகிதம் வெளியே வந்தது. "வேலை முடிந்துவிட்டது, ஆனால் ஏன் என்று புரியவில்லை. 128-க்கும் 0-க்கும் என்ன வித்தியாசம்? 255 எங்கிருந்து வந்தது? இதற்கு 0, 1 கணக்கெல்லாம் படிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிக்க வேண்டும். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு மாலை நேரம் போதும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளில் பலர் சப்நெட் அட்டவணையை மனப்பாடம் செய்து நேர்முகத் தேர்வில் ஒப்பித்துவிடுகிறார்கள். பிறகு உங்களுக்கு வந்ததைப் போல ஒரு சிக்கல் வந்தால் கேபிளைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். அட்டவணைக்கு அடியில் இருப்பது மிகச் சிறிய ஒரு விஷயம். அதைப் பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய எதுவும் மிஞ்சாது.

192.168.1.100 என்று எழுதும்போது நான்கு எண்கள் இருப்பதுபோலத் தெரிகிறது. கணினிக்கு அப்படி இல்லை. அதற்கு அது ஒரே எண். நடுவில் உள்ள புள்ளிகள் நம் கண்ணுக்காக வைத்தவை. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வேறொரு கணினியில் கறுப்புக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் கட்டளைக்குப் பின்னால் புள்ளியே இல்லாமல் 3232235876 என்று தட்டுங்கள். 192.168.1.100-இலிருந்து பதில் வருவதாகத் திரையில் தெரியும். கணக்கும் எளிதுதான்: 192-ஐ 1,67,77,216-ஆல் பெருக்குங்கள், 168-ஐ 65,536-ஆல் பெருக்குங்கள், 1-ஐ 256-ஆல் பெருக்குங்கள், கடைசி 100-ஐ அப்படியே வையுங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தப் பத்து இலக்க எண் வரும். இந்த ஒரு சோதனையை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே செய்து காட்டுவேன். முகவரி என்பது ஒரே எண் என்று நம்பிவிட்டால் பாதி மலை ஏறிவிட்டீர்கள்.

அந்த ஒரே எண்ணைக் கணினி 32 இடங்கள் கொண்ட இருநிலை எண்ணாக வைத்திருக்கிறது. இருநிலை எண் முறை பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் வருகிறது. இரண்டால் வகுத்துக்கொண்டே போய் மீதியைக் கீழிருந்து மேலாக எழுதச் சொல்வார்கள். விடை சரியாக வரும், ஆனால் மனதில் எதுவும் தங்காது. நான் வேறு வழியில் சொல்லித் தருகிறேன். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் கேளுங்கள்: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆழாக்கை ஒன்று என்று கொண்டால் உழக்கு 2, உரி 4, படி 8. இந்த நான்கு அளவைகளும் தலா ஒன்றுதான் உங்களிடம் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 ஆழாக்கு அரிசி வேண்டும் என்றால் எப்படி அளப்பீர்கள்? ஒரு படி, ஓர் உரி, ஓர் ஆழாக்கு. உழக்கைத் தொட மாட்டீர்கள். படி உண்டு, உரி உண்டு, உழக்கு இல்லை, ஆழாக்கு உண்டு. உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 போட்டால் 1101. 13-இன் இருநிலை வடிவம் அதுதான். நான்கையும் பயன்படுத்தினால் 15 வரை போகலாம், ஒன்றையும் எடுக்காவிட்டால் 0. இடையில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு. எந்த அளவும் விட்டுப்போகாது, எதையும் இரண்டு விதமாக அளக்க முடியாது. அரிசி அளந்த கைகள் இந்தக் கணக்கை எப்போதோ செய்துவிட்டன.

இப்போது அளவைகளை எட்டாக்குங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரு மடங்கு: 1, 2, 4, 8, 16, 32, 64, 128. எட்டையும் கூட்டினால் 255. நீங்கள் கேட்ட 255 இங்கிருந்துதான் வருகிறது: எட்டு இடங்களிலும் 1 இருந்தால் 255. எட்டிலும் 0 இருந்தால் 0. ஆக 0 முதல் 255 வரை 256 எண்கள். 32 இடங்களை எட்டெட்டாக நான்கு கூறு போட்டு, ஒவ்வொரு கூற்றையும் நமக்குப் பழகிய பதின்ம எண்ணாக எழுதி, நடுவில் புள்ளி வைத்தால் அதுதான் நாம் பார்க்கும் ஐபி முகவரி. 192.168.1.300 என்று ஒரு முகவரி ஏன் இருக்க முடியாது என்பதும் இப்போது புரியும். அந்த எட்டு அளவைகளில் 300 அடங்காது. யாப்பு படித்தவர்களுக்கு இந்த இரட்டிப்பு புதிதல்ல. நேர், நிரை என்று இரண்டே அசைகள். ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. ஓர் அசை கூடும்போதெல்லாம் வகை இரட்டிக்கிறது. 0 அல்லது 1 இருக்கும் ஓர் இடத்துக்குப் பிட் என்று பெயர். பிட் ஒன்று கூடும்போதும் அதே கதைதான்.

மாஸ்க் என்ன செய்கிறது என்று இனிப் பார்க்கலாம். கணினி ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பும் முன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: "போக வேண்டிய இடம் என் தெருவிலேயே இருக்கிறதா, வேறு தெருவிலா?" 32 இடங்களில் இடப்பக்கம் உள்ள சில இடங்கள் தெருவைக் குறிக்கின்றன, மீதி இடங்கள் வீட்டு எண். எது வரை தெரு, எங்கிருந்து வீடு என்று கோடு போட்டுக் காட்டுவது மாஸ்க். மாஸ்கில் 1 உள்ள இடமெல்லாம் தெரு, 0 உள்ள இடமெல்லாம் வீடு. 255.255.255.0 என்றால் முதல் 24 இடங்கள் தெரு, கடைசி 8 வீடு. 255.255.255.128 என்றால் கோடு ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. 25 இடங்கள் தெரு, 7 இடங்கள் வீடு. ஒரே ஓர் இடம் நகர்ந்ததால்தான் உங்களுக்கு அவ்வளவு அலைச்சல்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். முதல் மூன்று கூறுகளும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அதனால் கடைசிக் கூறு மட்டும் போதும். 100 என்பது 64, 32, 4 சேர்ந்தது, எழுதினால் 01100100. பக்கத்து மேசையின் 50 என்பது 32, 16, 2, எழுதினால் 00110010. பிரிண்டரின் 200 என்பது 128, 64, 8, எழுதினால் 11001000. மாஸ்கின் 128 என்பது 10000000. அதாவது இந்த எட்டில் முதல் இடம் மட்டும் தெருவோடு சேர்ந்தது. உங்கள் கணினிக்கு அந்த இடத்தில் 0. பக்கத்து மேசைக்கும் 0. பிரிண்டருக்கு 1. அவ்வளவுதான் விஷயம். உங்கள் புதிய கணினியின் கண்ணில் 0 முதல் 127 வரை ஒரு தெரு, 128 முதல் 255 வரை வேறு தெரு. பக்கத்து மேசை அதே தெரு, பிரிண்டர் அடுத்த தெரு. வேறு தெருவுக்கும் இணையத்துக்கும் போகும் வாசலான கேட்வே ரவுட்டரின் முகவரியை நீங்கள் சொல்லவில்லை. இணையம் வந்ததை வைத்துப் பார்த்தால் அது 192.168.1.1 போல 127-க்குக் கீழே உள்ள ஒரு முகவரியாக இருக்க வாய்ப்பு அதிகம். மாஸ்கின் கடைசி எண்ணை 0 ஆக்கியதும் அந்த முதல் இடமும் வீட்டு எண்ணோடு சேர்ந்துவிட்டது. தெரு ஒன்றாகிவிட்டது, பிரிண்டர் கிடைத்துவிட்டது.

ஒரே சுவிட்சில்தானே இரண்டும் செருகப்பட்டிருக்கின்றன, பிறகு ஏன் நேராகப் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. சுவிட்ச் ஐபி முகவரியைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது மேக் முகவரி என்ற வேறொரு முகவரியை. அது 48 பிட் நீளமானது, நெட்வொர்க் கார்டோடு கூடவே வருவது. தன் தெருவில் உள்ள ஒருவருக்கு அனுப்பும்போது கணினி முதலில் தெரு முழுக்கக் குரல் கொடுக்கிறது: "192.168.1.50 யார்? உன் மேக் முகவரி என்ன?" இதற்கு ஏஆர்பி என்று பெயர். உரியவர் பதில் சொன்னதும் பொட்டலம் நேராகப் போகிறது. வேறு தெரு என்று முடிவு செய்துவிட்டால் கணினி அந்தக் குரலையே கொடுப்பதில்லை. பொட்டலத்தைக் கேட்வேயிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடும். பிரிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் உங்கள் கணினி அதைக் கூப்பிடவே இல்லை.

இதுவரை சொன்னது உறுதி. இனிச் சொல்வதில் ஒரு பகுதி ஊகம், அதைப் பிரித்தே சொல்லிவிடுகிறேன். கேட்வேயிடம் போன பொட்டலத்தை ரவுட்டர் பார்க்கிறது. ரவுட்டரின் மாஸ்க் 255.255.255.0 ஆக இருந்தால் அதற்குப் பிரிண்டர் சொந்தத் தெருவில்தான் இருக்கிறது. எனவே பொட்டலத்தை வந்த வழியே திருப்பிப் பிரிண்டருக்கு அனுப்பலாம். பல ரவுட்டர்கள் அப்படித்தான் செய்கின்றன. அதனால் மாஸ்க் தவறாக இருந்தும் சில அலுவலகங்களில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், ஒருவருக்கும் தெரியாது. உங்கள் ரவுட்டர் ஏன் அப்படிக் காப்பாற்றவில்லை? எனக்கு வலுவாகத் தோன்றுகிற காரணம் இது: உங்கள் கணினியிலிருந்து போவது ரவுட்டர் வழியாகப் போகிறது, ஆனால் பிரிண்டரின் மாஸ்க் சரியாக இருப்பதால் அது ரவுட்டரை விட்டுவிட்டு உங்களுக்கு நேராகவே பதில் அனுப்பப் பார்க்கிறது. போகும் பேச்சை மட்டும் கேட்டு, வரும் பேச்சைக் கேட்காத ரவுட்டரின் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள், இது முறையான தொடர்பு அல்ல என்று வெட்டிவிடக்கூடும். ரவுட்டரின் அமைப்பைக் கண்ணால் பார்க்காமல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மாஸ்க் தவறு என்பது மட்டும் நிச்சயம்.

256 எண்கள் இருக்க 254 கணினிகள்தான் வைக்கலாம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் உங்கள் கேள்வியின் ஓரத்தில் இருந்தது. வீட்டு எண் பகுதி முழுக்க 0 இருந்தால் அது தெருவின் பெயர். முழுக்க 1 இருந்தால் அது தெருவில் உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் முகவரி. இந்த இரண்டையும் எந்தக் கணினிக்கும் கொடுப்பதில்லை. இங்கே ஒரு தவறான பாடம் பரவலாக இருக்கிறது: ".0-வும் .255-வும் எப்போதும் ஆகாது" என்பார்கள். அப்படி இல்லை. கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் பழைய மாஸ்கில் 192.168.1.127 தான் எல்லோரையும் கூப்பிடும் முகவரி. மாஸ்க் 255.255.254.0 என்று இருந்தால் 192.168.0.255 சாதாரணமாக ஒரு கணினிக்குக் கொடுக்கத் தக்க முகவரி, 192.168.1.0-வும் அப்படித்தான்.

அந்த 255.255.254.0-வை நான் மறக்கவே மாட்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. ஒரு நூற்பாலை அலுவலகத்தில் 192.168.1 என்ற தெரு நிரம்பிவிட்டது. புதிய கட்டடத்துக்கு நாற்பது கணினிகள் வந்திறங்கின. கோட்டை ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தினால் தெரு இரு மடங்காகும், 510 வீடுகள் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லா இடத்திலும் மாஸ்கை 255.255.254.0 ஆக்கினேன். 192.168.1 நிரம்பிவிட்டது, அடுத்தது 192.168.2 என்று புதிய கணினிகளுக்கு 192.168.2.15, 192.168.2.16 என்று முகவரி கொடுத்துக்கொண்டே போனேன். ஒன்றுகூட 192.168.1.10-இல் இருந்த சர்வரைப் பார்க்கவில்லை. புதிய கணினிகள் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொண்டன. இரவு ஷிப்ட் சங்கு ஊதி, தொழிலாளர்கள் உள்ளே போய், தேநீர் வண்டி ஒரு சுற்று வந்துவிட்டுப் போனது. சுவிட்சை மாற்றினேன், மாடிப்படியில் ஏறி இறங்கிக் கேபிளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மணி ஒன்றை நெருங்கியபோது கணினி வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, பால்பாயின்ட் பேனாவால் மூன்றாம் கூற்றை மட்டும் எழுதினேன். 1 என்பது 00000001. 2 என்பது 00000010. மாஸ்கின் 254 என்பது 11111110. கடைசி இடம் மட்டும்தான் வீட்டோடு சேர்ந்தது. அந்தக் கடைசி இடத்தை மறைத்துப் பார்த்தால் 1 என்பது 0000000, 2 என்பது 0000001. வேறு வேறு தெரு! 1-க்குத் துணை 2 அல்ல, 0. பதின்மத்தில் 1-க்கு அடுத்தது 2. ஆனால் இருநிலையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 0-வும் 1-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் அடுத்த ஜோடி. நாற்பது கணினிகளுக்கும் 192.168.0 என்று மாற்றினேன். விடியும்போது எல்லாம் ஓடின. அந்த அட்டையைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துவந்து பல ஆண்டுகள் வைத்திருந்தேன்.

மாஸ்கின் எண்களில் ஏன் 100-ஓ 77-ஓ வருவதில்லை என்பதும் இப்போது தானே விளங்கும். 1-கள் இடப்பக்கத்திலிருந்து விட்டுப்போகாமல் வர வேண்டும். ஒரு 0 வந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் 0 தான். அப்படி எழுதினால் ஒரு கூற்றில் 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 ஆகிய ஒன்பது எண்கள்தான் வர முடியும். முந்தையதோடு அடுத்த சிறிய அளவையைச் சேர்த்துக்கொண்டே போங்கள்: 128, அதனோடு 64, அதனோடு 32. வாய்ப்பாடு வேண்டாம். 1985-இல் சப்நெட் முறையை வரையறுத்தபோது 1-கள் தொடர்ச்சியாக இருப்பதைப் பரிந்துரைத்தார்களே தவிரக் கட்டாயமாக்கவில்லை. 1993-இல் வந்த வகுப்பில்லா முகவரி முறைதான் அதை உறுதியாக்கியது. 192.168.1.0/24 என்று சாய்கோட்டுக்குப் பின் எண் போடும் வழக்கமும் அந்த முறையோடு வேரூன்றியது. 24 என்பது தெருப் பகுதியின் நீளம். உங்கள் பழைய மாஸ்க் /25, புதியது /24. இப்படி எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும், கோடு எங்கே என்று நேராகச் சொல்லிவிடுகிறது.

1993-க்கு முன் நிறுவனங்களுக்கு முகவரி ஒதுக்கும்போது கோடு மூன்றே இடங்களில்தான் விழுந்தது. 1981 செப்டம்பரில் வெளியான ஐபிவி4 (நாம் பார்த்துவரும் 32 இட முகவரி முறை) வரையறை முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்பாகப் பிரித்தது: 8 இடம் தெரு, 16 இடம் தெரு, 24 இடம் தெரு. 300 கணினிகள் உள்ள ஒரு கல்லூரிக்கு சி வகுப்பின் 254 போதாது. பி வகுப்பு கேட்டால் 65,534 முகவரிகள் கிடைக்கும், பெரும்பகுதி வீணாகும். அந்த வீணடிப்பைத் தடுக்கத்தான் கோட்டை எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்று ஆக்கினார்கள். இன்றும் சில பயிற்சி நிலையங்கள் வகுப்புகளிலிருந்தே பாடத்தைத் தொடங்குகின்றன. வரலாறாகத் தெரிந்துகொள்வதில் தவறில்லை, ஆனால் 192 என்று தொடங்கினால் மாஸ்க் 255.255.255.0-வாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

32 இடங்கள் என்றால் மொத்தம் 4,294,967,296 முகவரிகள், ஏறத்தாழ 430 கோடி. 32 என்ற நீளத்தை 1977-இல் தான் தேர்ந்தெடுத்தபோது அது ஒரு சோதனைக்காக என்றே நினைத்ததாக, இணையத்தின் அடிப்படை விதிமுறைகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தச் சோதனைதான் உலகம் முழுக்கப் பரவியது. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி, உலக இருப்பில் மீதியிருந்த கடைசி ஐந்து பெரிய தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குத் தலா ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் பகுதிக்கான பங்கு ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்குக்குப் போனது. உங்கள் அலுவலகத்தின் 192.168 முகவரிகள் அந்தக் கணக்கில் வராதவை. அவை உள்பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் அலுவலகத்திலும் என் வீட்டிலும் அதே 192.168.1.1 இருந்தும் மோதல் வருவதில்லை. ரவுட்டர் வெளியே போகும்போது முகவரியை மாற்றிவிடுகிறது.

அடுத்த தலைமுறையான ஐபிவி6 முகவரி 128 பிட் நீளம். அதைப் புள்ளி வைத்துப் பதின்மத்தில் எழுதினால் 16 கூறுகள் வரும், யாராலும் படிக்க முடியாது. அதனால் பதினாறுநிலை எண் முறையில் எழுதுகிறார்கள். அதிலும் பயப்பட ஒன்றுமில்லை. நான்கு பிட்டுக்கு ஓர் எழுத்து: 0 முதல் 9 வரை எண்கள், 10 முதல் 15 வரைக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப். நம் 168-ஐ எடுங்கள், 10101000. நடுவில் பிரித்தால் 1010, 1000. முன்னது 10, பின்னது 8. ஆக ஏ8. படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்ற நான்கு அளவைகளைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பதினாறுநிலை தெரிந்துவிட்டது.

0, 1 பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். "கம்பியில் மின்னழுத்தம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0" என்று உங்களுக்கு ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கணினிக்குள்ளே நினைவகத்திலும் சில்லிலும் அது ஓரளவு பொருந்தும். இரண்டே நிலைகளைப் பிரித்தறிவது மின்சுற்றுக்கு எளிது, சிறு இரைச்சல் கலந்தாலும் குழம்பாது. ஆனால் உங்கள் சுவிட்சுக்குப் போகும் கேபிளில் அப்படி இல்லை. 100 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஈத்தர்நெட் (அலுவலகக் கேபிள் இணைப்பு முறை) கம்பியில் மூன்று மின்னழுத்த நிலைகளைப் பயன்படுத்துகிறது, கிகாபிட் ஐந்து நிலைகளை. பிட்டுகளை அந்த நிலைகளாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் பிட்டுகளாக்குகிறார்கள். அந்த மாற்றம் நடக்கும் மின்சுற்றின் உள்விவரம் என் துறை அல்ல. மின்னணுப் பொறியாளர் ஒருவர் இன்னும் நன்றாகச் சொல்வார்.

இன்னொரு எச்சரிக்கை, இதில் பலர் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று 192.168.1.010 என முன்னால் சுழியம் போட்டு எழுதாதீர்கள். பல மென்பொருள்கள் முன்னால் சுழியம் இருந்தால் அதை எட்டுநிலை எண் என்று எடுத்துக்கொள்ளும். எட்டுநிலையில் 10 என்பது நம் 8. நீங்கள் 10-ஆம் கணினியைக் கூப்பிட்டதாக நினைப்பீர்கள், 8-ஆம் கணினி பதில் சொல்லும். சில மென்பொருள்கள் அதை 10 என்றே படிக்கும், சில ஏற்கவே மறுக்கும். ஒரே எழுத்தை மூன்று விதமாகப் படிக்கும் இடத்தில் தேடினால் தவறு எளிதில் அகப்படாது.

பயிற்சிக்கு, உங்கள் அலுவலகத்தில் உள்ள ஐந்தாறு முகவரிகளின் கடைசி எண்ணைத் தாளில் எட்டு அளவைகளாக உடைத்து எழுதுங்கள். பிறகு /25, /26, /27 என்று கோட்டை நகர்த்தி, யார் யாரோடு ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். /26 போட்டால் 50-உம் 100-உம்கூடப் பிரிந்துவிடும். ஏன் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கால்குலேட்டர் வேண்டாம், கை எழுதட்டும்.

நாளை அலுவலகம் போனதும் ஒன்றை மட்டும் பாருங்கள். அந்தத் தவறான 128 கையால் தட்டப்பட்டதா, ரவுட்டரே தானாகக் கொடுத்ததா? புதிய கணினியின் நெட்வொர்க் அமைப்பில் முகவரியைத் தானாகப் பெறுக என்று இருந்ததா என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையால் தட்டியிருந்தால் நீங்கள் மாற்றியதோடு முடிந்தது. ரவுட்டரில் முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி அதைக் கொடுத்திருந்தால், நீங்கள் சரிசெய்தது அந்த ஒரு கணினியை மட்டும்தான். அடுத்து வரும் ஒவ்வொரு கணினிக்கும் அதே 128 போகும். அப்படியானால் ரவுட்டரில் மாஸ்கைத் திருத்திவிட்டு, இந்தக் கணினியை மீண்டும் தானாகப் பெறும்படி வைத்துவிடுங்கள். அங்கே என்ன இருந்தது என்று இங்கேயே எழுதினால், ரவுட்டரைப் பற்றி நான் மேலே சொன்ன ஊகம் சரியா என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.